0.41-ல் நின்ற முள்: செர்ன் ஓப்பன் டேட்டாவை ஐந்து வருடம் பயன்படுத்தியதில்

ஜெனீவாவுக்குப் பக்கத்தில் இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடம், தன் பெரிய மோதல் இயந்திரத்தில் பதிவான தரவுகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. பெயர் செர்ன் ஓப்பன் டேட்டா. 2014 நவம்பரில் தொடங்கினார்கள். கொங்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறேன். ஐந்து வருடமாக எம்.எஸ்சி. பெண்களின் புராஜெக்டுக்கு இதைத்தான் நம்பியிருக்கிறேன். "மேம், அது நம்மால முடியுமா?" என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் யாராவது ஒருத்தி கேட்கிறாள். வேறு கல்லூரி ஆசிரியர்களும் போனில் இதையேதான் கேட்கிறார்கள். முடியும். எதை எப்படி எடுத்தால் முடியும் என்று சொல்வதற்குத்தான் இந்த மதிப்புரை.

பணம் கிடையாது. கணக்குத் தொடங்க வேண்டாம், யாருக்கும் கடிதம் எழுத வேண்டாம். தரவுக்கு சிசி0 உரிமம். அதாவது எந்த நிபந்தனையும் இல்லாமல் பொதுவில் விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு தொகுப்புக்கும் நிரந்தர அடையாள எண் உண்டு, ஆய்வேட்டில் மேற்கோள் காட்டலாம். முதலில் வந்தது, அந்த இயந்திரத்தில் மோதல்களைப் பதியும் சிஎம்எஸ் கருவியின் 2010-ஆம் ஆண்டுத் தரவு, 27 டெராபைட் அளவில். 2016-ல் இன்னொரு 300 டெராபைட். 2024-ல் இன்னொரு கருவியான அட்லஸின் குழுவும் 65 டெராபைட் ஆராய்ச்சித் தரவைத் தந்தது. எண்களைப் பார்த்து மிரள வேண்டாம். எங்களுக்குத் தேவைப்பட்டது அதில் ஒரு கைப்பிடி.

நாங்கள் பார்ப்பது ஒட்டுறவை. பாடப்புத்தகம் அப்படிச் சொல்கிறது, வகுப்பில் எல்லோரும் கோரிலேஷன் என்கிறோம். இரண்டு புரோட்டான்கள் மோதினால் பத்துக்கணக்கில், சில சமயம் நூற்றுக்கும் மேல், துகள்கள் தெறிக்கின்றன. ஒவ்வொரு துகளையும் தனித்தனியே அளந்தால் எத்தனை வந்தன, எவ்வளவு வேகம் என்று தெரியும். அவை பிறந்த இடத்தின் அளவு தெரியாது. அந்த இடம் ஒரு ஃபெம்டோமீட்டர், இரண்டு ஃபெம்டோமீட்டர் அளவுதான். ஒரு மீட்டரின் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்குதான் ஒரு ஃபெம்டோமீட்டர். எந்த நுண்ணோக்கியும் அங்கே எட்டாது. துகள்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்த்தால் மட்டும் அது வெளியே தெரிகிறது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். உறவுக்காரர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்காரத் தேடுகிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே பந்தியில் இருப்பவர்களை ஜோடி ஜோடியாக எடுத்து, இடைவெளியை அளக்க வேண்டும். அது மட்டும் போதாது. வாசல் பக்கம் மின்விசிறி இருந்தால் எல்லோருமே அங்கேதான் கூடுவார்கள், அதில் உறவு ஒன்றும் இல்லை. ஆகவே முதல் பந்தியில் ஒருவர், மூன்றாம் பந்தியில் ஒருவர் என்று, சந்தித்தே இராதவர்களையும் ஜோடி சேர்த்து அதே இடைவெளியை அளக்க வேண்டும். முதல் கணக்கை இரண்டாவதால் வகுத்தால் மின்விசிறியின் பங்கு அடிபட்டுப் போகும். மிஞ்சுவது உறவு. துகள் இயற்பியலில் இந்த இரண்டாவது கணக்கைக் கலப்பு நிகழ்வு என்கிறார்கள். என் மாணவிகள் மிக்ஸிங் என்கிறார்கள். இந்த ஒரு யோசனை மனத்தில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தொடங்க வேண்டிய இடம், இரண்டு மியூவான்கள் (எலக்ட்ரானைப் போன்ற, அதைவிடக் கனமான துகள்கள்) கொண்ட ஒரு லட்சம் நிகழ்வுகள் அடங்கிய சிஎஸ்வி கோப்பு. 2010 ஓட்டத்திலிருந்து எடுத்துத் தயாராக வைத்திருக்கிறார்கள். பென் டிரைவின் ஒரு மூலையில் அடங்கும், எக்செல்லில்கூடத் திறக்கலாம். ஒரு வரிக்கு ஒரு மோதல். ஒவ்வொரு மியூவானுக்கும் ஆற்றல், உந்தம், திசைக்கோணங்கள், மின்னூட்டம் எல்லாம் நிரலாக இருக்கும். பைத்தானில் இருபது வரி எழுதினால் ஜோடியின் நிறை, அதாவது உடைந்து அந்த ஜோடியைத் தந்த தாய்த் துகளின் நிறை, வந்துவிடும். 3.1 ஜிஇவி (துகளின் நிறையையும் ஆற்றலையும் சொல்லும் அலகு) அருகே ஜே-சை, 9.5 அருகே உப்சிலான், 91-ல் இசட் போஸான் என்று சிகரங்கள் வரிசையாக எழுந்து நிற்பதை முதன்முதலில் பார்க்கும் மாணவியின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். பாடத்தில் படித்த எண், யாரும் வரைந்து கொடுக்காமல், அவள் கணக்கிலிருந்தே எழுந்து வருகிறது.

இங்கேயே ஒட்டுறவையும் கற்றுக்கொடுத்துவிடலாம். இசட் பெரும்பாலும் குறுக்குவாட்டில் மெதுவாக இருக்கும்போது உடைகிறது, அதனால் இரண்டு மியூவான்களும் நேர் எதிர்த் திசையில் ஓடுகின்றன. கோண வித்தியாசத்தை வரைந்தால் பை மதிப்பில், அதாவது 180 பாகையில், குவியும். ஜே-சை வேகமாக ஓடிக்கொண்டே உடைவதால் அதன் மியூவான்கள் நெருங்கி வருகின்றன. ஒரே கோப்பு, இரண்டு நடத்தை.

இதில் வருடா வருடம் நடக்கும் ஒரு தவறு உண்டு. கோணம் கழித்தல் பையிலிருந்து கூட்டல் பை வரை எழுதப்பட்டிருக்கும். ஒரு மியூவான் 3.0, இன்னொன்று -3.0 என்று இருந்தால் கணினி வித்தியாசம் 6.0 என்று சொல்லும். சரியான விடை 0.28. சுவர்க் கடிகாரத்தில் 11-க்கும் 1-க்கும் நடுவே பத்து மணி தூரம் என்று சொன்ன மாதிரி. போன வருடம் பெருந்துறையிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் இரண்டு நாள் இந்தப் படத்தோடு போராடினாள். ஆறு வரைக்கும் நீண்ட வால் ஒன்று இருந்தது. நான் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை முதல் பீரியடுக்கு முன்பே வந்து கடிகார உதாரணத்தை எனக்கே சொன்னாள். இப்போது நான் வகுப்பில் சொல்வது அவளுடைய உதாரணம்தான்.

அடுத்து கலப்பு. முதல் வரியின் முதல் மியூவானை இரண்டாம் வரியின் இரண்டாம் மியூவானோடு சேர்த்து அதே நிறைக் கணக்கைப் போடச் சொல்வேன். சிகரங்கள் கரைந்து வெறும் மேடாகிவிடும். ஒரே தாயிடமிருந்து பிறந்ததால்தான் சிகரம் வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. இதோடு நிறுத்திக்கொண்டாலே ஒரு செமஸ்டர் புராஜெக்டுக்குப் போதும். பி.எஸ்சி. மாணவர்களுக்கு இதற்கு மேல் போக வேண்டாம் என்பது என் கருத்து.

இதற்கு மேல் போக வேண்டும் என்றால் சிரமம் தொடங்குகிறது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மியூவான் கோப்பில் மற்ற துகள்கள் கிடையாது. மோதலில் மிக அதிகமாகத் தெறிக்கும் லேசான துகள்களான பையான்களின் ஒட்டுறவைப் பார்க்க, கருவி பதிவு செய்த எல்லாத் தடங்களும் வேண்டும். அவை ஏஓடி என்ற வடிவில்தான் இருக்கின்றன. ஒரு கோப்பே ஒரு ஜிபியைத் தாண்டுவது சாதாரணம். 2010 தரவைத் திறக்க அந்தக் காலத்து சிஎம்எஸ் மென்பொருளும் அந்தக் காலத்து லினக்ஸும் தேவை. நல்லவேளையாக இரண்டையும் சேர்த்து டாக்கர் பெட்டியாகக் கட்டி, எப்படி நிறுவுவது என்ற வழிகாட்டியோடு தந்திருக்கிறார்கள். எட்டு ஜிபி ராம் உள்ள எங்கள் ஆய்வகக் கணினியில் ஓடுகிறது, ஆனால் வேறெதையும் கூடவே திறந்து வைக்கக் கூடாது. முதல் தடவை நிறுவி, உதாரண நிரலை மாற்றி, தடங்களின் உந்தம், கோணம், மின்னூட்டம் மட்டும் சிஎஸ்வியாக வெளியே எடுக்க எங்களுக்கு ஏழு வாரம் பிடித்தது. அதில் நான்கு வாரம் சி++ மொழியோடு போனது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்த ஏழு வாரத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு ஜூலையிலேயே தொடங்கிவிடுங்கள். பொங்கலுக்குப் பிறகு தொடங்கினால் முடியாது.

2016-ஆம் ஆண்டு சிஎம்எஸ் தரவு நானோஏஓடி என்ற சிறிய வடிவிலும் வந்திருக்கிறது. அதைத் திறக்க டாக்கரே வேண்டாம், பைத்தான் போதும். ஆசையாக இருக்கும். ஆனால் அதில் எல்லாத் தடங்களும் இல்லை, ஆகவே பையான் ஜோடி வேலைக்கு உதவாது. ஒரு மாதத்தை அதில் விட்டுவிட்டுத்தான் இதைத் தெரிந்துகொண்டோம். நீங்கள் விட வேண்டாம்.

பையான் வேலைக்கு நாங்கள் எடுத்த தொகுப்பின் பெயர் மினிமம் பயஸ். எந்தச் சிறப்பு வடிகட்டலும் இல்லாமல், மோதல் நடந்தால் போதும் என்று பதிவு செய்தவை. ஒரே மின்னூட்டமுள்ள இரண்டு பையான்களை எடுத்து, அவற்றின் உந்த வித்தியாசத்தைக் கணக்கிட வேண்டும். அதற்கு க்யூ என்று பெயர். பையான்கள் போஸான்கள். 1924-ல் டாக்காவில் இருந்த சத்யேந்திரநாத் போஸ் எழுதிய புள்ளியியலின்படி, ஒன்றைப் போலவே இருக்கும் போஸான்கள் ஒரே நிலையில் சேர விரும்புகின்றன. ஆகவே க்யூ சிறியதாக இருக்கும் இடத்தில் ஜோடிகள் எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். கலப்பு நிகழ்வால் வகுத்தால், வலது பக்கம் ஒன்றை ஒட்டிப் படுத்திருக்கும் கோடு, 0.2 ஜிஇவிக்குக் கீழே வந்ததும் மெல்ல எழும்பும். அந்த எழுச்சி எவ்வளவு அகலமோ, பிறந்த இடம் அவ்வளவு சிறியது. 0.197-ஐ அகலத்தால் வகுத்தால் ஃபெம்டோமீட்டரில் விடை. 0.1 ஜிஇவி அகலம் என்றால் ஏறக்குறைய 2 ஃபெம்டோமீட்டர். ஆசிரியர் அறையில் வேண்டுமானாலும் போடலாம் இந்தக் கணக்கை.

சரிபார்ப்பதற்காக எதிர் மின்னூட்ட ஜோடிகளையும் வரையச் சொல்லியிருந்தேன். அதில் போஸ் எழுச்சி வரக் கூடாது. வரவில்லை. ஆனால் 0.41-ல் ஒரு முள் நின்றது. "மேம், இது என்ன, நான் தப்பாப் போட்டுட்டனா?" என்று படம் வரைந்த பெண் பயந்துபோய்க் கேட்டாள். நிரலை மூன்று பேர் வரிவரியாகப் பார்த்தோம். தவறே இல்லை. பிறகு கரும்பலகையில் பின்னோக்கிப் போட்டோம். 0.41-ன் வர்க்கத்தோடு பையான் நிறையின் வர்க்கத்தை நான்கு மடங்கு சேர்த்து வர்க்கமூலம் எடுத்தால் 0.496. பக்கத்தில் 0.498 நிறையோடு இருப்பது கே-ஷார்ட்! நடுநிலைக் கேயான் ஒன்று இரண்டு பையான்களாக உடைந்து, யாரும் கூப்பிடாமல் எங்கள் படத்துக்குள் வந்து நின்றிருக்கிறது. அன்று மாலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டிய பஸ்ஸை மூன்று பேரும் விட்டார்கள். இந்தச் சேவையின் தரத்துக்கு நான் தரும் சான்று அந்த முள்தான். சமைத்துப் பரிமாறிய தரவில் இப்படி எதிர்பாராதது வராது. இது மெய்யான மோதல், மெய்யான கருவி.

கருவியின் குறையும் அதேபோல மெய்யாகத் தெரியும். க்யூ பூஜ்யத்தை ஒட்டி எங்களுக்கு ஒரு பெரிய பொய்ச் சிகரம் வந்தது. ஒரே துகளின் தடத்தைக் கருவி இரண்டாகப் பதிந்துவிட்டால், ஒன்றைப் போலவே இன்னொன்று என்று தெரியும் அல்லவா, அதனால். சிஎம்எஸ் குழு 2010-ல் வெளியிட்ட கட்டுரையைப் பார்த்தால், அவர்களும் 0.02 ஜிஇவிக்குக் கீழே உள்ளதை விட்டுவிட்டுத்தான் பொருத்தியிருக்கிறார்கள். நாங்களும் அப்படியே செய்தோம். 0.9 டெரா எலக்ட்ரான் வோல்ட் மோதலில் அவர்களுக்குக் கிடைத்த ஆரம் ஏறக்குறைய 1.6 ஃபெம்டோமீட்டர். எங்களுடையது ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே, பெரிய பிழை வரம்போடு வந்தது. வைவாவில் வெளித்தேர்வாளர் அந்தப் பிழை வரம்பைப் பற்றித்தான் அரை மணி நேரம் கேட்டார். அந்தப் பெண் அசராமல் பதில் சொன்னாள்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று. அப்பா அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்தார். நான் வளர்ந்தது அங்கே குவார்ட்டர்ஸில். ஊட்டி ரயில் ஸ்டேஷனில் நின்று கிளம்பும் சத்தம்தான் எங்களுக்கு மணி. முதல் புராஜெக்டுக்கு முன்னுரை எழுத, இந்த முறை எங்கிருந்து வந்தது என்று தேடினோம். ராபர்ட் ஹான்பரி பிரவுன் என்ற பெயர் வந்தது. ரிச்சர்ட் ட்விஸ் என்ற கணிதக்காரரோடு சேர்ந்து 1956-ல் சிரியஸ் விண்மீனின் கோண அளவை அளந்தவர். ராணுவத்தின் தேடுவிளக்குக் கண்ணாடிகள் இரண்டை வைத்து, இரண்டிலும் விழும் ஒளியின் ஏற்ற இறக்கம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்தார். கண்ணாடிகளைத் தள்ளித் தள்ளி வைக்க ஒட்டுறவு குறையும், எவ்வளவு தூரத்தில் குறைகிறது என்பதிலிருந்து விண்மீனின் அளவு. அப்போது பல இயற்பியலாளர்கள் நம்ப மறுத்தார்கள். பிறந்த ஊர் என்ற இடத்தில் அருவங்காடு, நீலகிரி, 1916 என்று இருந்தது. திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஆஸ்திரேலியாவில் நாராப்ரி என்ற ஊரில் 188 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தண்டவாளத்தில் இரண்டு தொலைநோக்கிகளை ஓடவிட்டு 32 விண்மீன்களை அளந்திருக்கிறார். எங்கள் ஊர் ஸ்டேஷன் பக்கம் அவர் பெயர் எங்கேயும் எழுதி நான் பார்த்ததில்லை.

அதே முறையைத் துகள்களில் முதலில் கண்டது வேறு ஒரு குழு. கலிஃபோர்னியாவில் பெர்க்லியில் கெர்சன் கோல்ட்ஹேபரும் அவர் மனைவி சுலமித் கோல்ட்ஹேபரும் புரோட்டானும் எதிர்ப்புரோட்டானும் மோதி அழியும்போது வரும் பையான்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேடியது ரோ மெசான் என்ற துகளை. கண்ணில் பட்டதோ, ஒரே மின்னூட்டப் பையான்கள் எதிர் மின்னூட்டப் பையான்களைவிட நெருங்கி வருகின்றன என்பது. வோன்யோங் லீ, ஆபிரகாம் பைஸ் இருவரோடும் சேர்ந்து 1960-ல் அதற்கு போஸ் புள்ளியியல் விளக்கம் தந்தார்கள். சுலமித் 1965 டிசம்பரில் இறந்தார், உலகப் பயணத்தின் நடுவே, சென்னையில். வயது 42. ஒருவர் பிறந்தது எங்கள் மலையில், இன்னொருவர் கண்மூடியது நம் தலைநகரில். இரண்டையும் வகுப்பில் சொல்லிவிட்டுத்தான் இப்போது மிக்ஸிங் பாடத்தைத் தொடங்குகிறேன்.

சரி, இதனால் எதைச் செய்ய முடியாது என்றும் சொல்ல வேண்டும். 2010 செப்டம்பரில் சிஎம்எஸ் குழு ஒரு விசித்திரத்தை அறிவித்தது. நூற்றுப் பத்துத் தடங்களுக்கு மேல் தெறிக்கும் அரிய புரோட்டான் மோதல்களில், கற்றையின் நெடுக மிகத் தள்ளித் தள்ளி இருக்கும் துகள்கள்கூட ஒரே பக்கமாகச் சாய்ந்து வந்தன. படத்தில் மலைத்தொடர் மாதிரி நீண்டிருந்ததால் ரிட்ஜ் என்று பெயர். கனமான அணுக்கருக்கள் மோதும்போது உண்டாகும் திரவம் போன்ற குழம்பில்தான் அது வரும் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். என் மாணவிகள் எல்லோருக்கும் இதைச் செய்துபார்க்க ஆசை. ஆனால் அந்த மோதல்களைப் பிடிக்கத் தனி ட்ரிகர் (எந்த மோதலைப் பதிவது என்று அந்த நொடியே தேர்ந்தெடுக்கும் அமைப்பு) வைத்து அவர்கள் பொறுக்கினார்கள். நாங்கள் இறக்கும் நாலைந்து கோப்புகளில் அப்படிப்பட்டவை விரல் விட்டு எண்ணும்படிதான் இருக்கும். பெரிய கணினித் தொகுதி உள்ளவர்கள் முயலலாம், சிறிய ஆய்வகம் முயன்று மனம் சோர வேண்டாம்.

தரவைப் பாதுகாப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு அந்த ரிட்ஜ் கதையே ஒரு உதாரணம். புரோட்டானே இல்லாத, எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதும் இடத்தில் ரிட்ஜ் வருமா என்று கேள்வி வந்தபோது, அப்படிப்பட்ட பழைய இயந்திரத்தை 2000-லேயே நிறுத்திவிட்டிருந்தார்கள். 1990-களில் அலெஃப் கருவி பதிந்து வைத்த தரவைத் தூசி தட்டி எடுத்து, 2019-ல் விடை வெளியிட்டார்கள். வரவில்லை என்பது விடை. பதிந்த காலத்தில் யாருக்கும் தோன்றாத கேள்விக்கு அந்தத் தரவு பதில் சொன்னது. சிஎம்எஸ்ஸின் திறந்த தரவை வைத்து வெளியாட்களே ஜெட்டுகளுக்குள் (ஒரே திசையில் கூட்டமாகப் பாயும் துகள்களுக்குள்) ஆற்றல் ஒட்டுறவை அளந்து கட்டுரை எழுதியும் இருக்கிறார்கள். அந்தக் கட்டுரைகளின் பட்டியலை மாணவிகளிடம் காட்டும்போது நம் கையில் இருப்பது பள்ளிக்கூடப் பயிற்சிப் பொம்மை இல்லை என்று புரிந்துகொள்கிறார்கள்.

வழிகாட்டிகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான். தமிழ்வழியில் படித்து வரும் பெண்களுக்காக முதல் மூன்று பயிற்சிகளை நான் தமிழில் எழுதி, நோட்டாக ஜெராக்ஸ் போட்டு வைத்திருக்கிறேன். கேட்டவர்களுக்குக் கொடுக்கிறேன். யாராவது கூட உட்கார்ந்து அடுத்த பயிற்சிகளையும் எழுத முன்வந்தால் சந்தோஷப்படுவேன். ஒரு ஆசிரியருக்குப் பைத்தான் ஓரளவு தெரிந்தால், சிஎஸ்வி வரை தனியாகவே போய்விடலாம். ஏஓடிக்குப் போகும்போது லினக்ஸ் தெரிந்த ஒருவர் கல்லூரியில் கட்டாயம் வேண்டும். எங்களுக்குக் கணினித் துறையின் லேப் அசிஸ்டென்ட் அண்ணன் கை கொடுத்தார். ஆய்வேட்டின் நன்றியுரையில் முதல் பெயர் அவருடையது.

ஈய அணுக்கருக்கள் மோதிய 2010, 2011 தரவையும் சிஎம்எஸ் திறந்திருக்கிறது. ஈய மோதலில் பையான்கள் பிறக்கும் இடம் புரோட்டான் மோதலைவிடப் பல மடங்கு பெரியது. ஆகவே எழுச்சி ஒடுங்கி, பூஜ்யத்தை ஒட்டிக் கூர்மையாக நிற்க வேண்டும். அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது இந்த வருடப் பெண்களின் திட்டம். முதல் கோப்பை நேற்று மாலை இறக்கப் போட்டுவிட்டு, யூபிஎஸ்ஸை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுப் போனார்கள். காலையில் நான் போய்ப் பார்த்தபோது 62 சதவீதம் இறங்கியிருந்தது.